இரண்டாம் வார்த்தைக்குப் பத்து நிமிடம்

பிப்ரவரி 22, சாம்பல் புதன்

லெந்து நோன்பு தொடங்கிவிட்டது. ஈஸ்டர் வரை காப்பி குடிப்பதில்லை என்று தீர்மானம். போன வருஷம் கருவாட்டை விட்டிருந்தேன். அது பெரிய தியாகமில்லை என்று லில்லிபுஷ்பம் சொல்லிவிட்டாள். எனக்குக் கருவாடு பிடிக்காது என்பது அவளுக்குத் தெரியும். நாற்பத்தோரு வருஷம் ஒருத்தியுடன் குடித்தனம் பண்ணினால் இப்படிச் சில இடைஞ்சல்கள் உண்டு.

மாலை ஆராதனை முடிந்ததும் புதிதாக வந்த போதகர் ஐயர் எங்களைக் கோயிலோரத்து வெஸ்டிரி அறைக்குக் கூப்பிட்டார். பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில் சிலுவையின் ஏழு வார்த்தைகளை ஏழு பேர் ஆளுக்குப் பத்து நிமிடம் பிரசங்கிப்பது எங்கள் எலிம்விளை சபையின் வழக்கம். பதினான்கு வருஷமாக ஐந்தாம் வார்த்தை, அதாவது தாகம், என்னுடையது. அதற்கென்று ஒரு தாள் வைத்திருக்கிறேன். மடிப்பில் கிழிந்து செல்லோடேப் ஒட்டிய தாள். வருஷா வருஷம் அதையே வாசிக்கிறேன். யாரும் ஆட்சேபித்ததில்லை, கவனித்ததும் இல்லை.

ஐயருக்கு முப்பத்து நான்கு வயது. "இந்த வருஷம் சீட்டுப் போட்டு எடுப்போம் சார்" என்றார். எனக்கு இரண்டாம் வார்த்தை வந்தது. 'இன்றைக்கு நீ என்னோடு பரதீசில் இருப்பாய்' என்று பக்கத்துச் சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு மோட்சம் கொடுத்த வார்த்தை. அந்தக் கள்ளன் விஷயத்தில் எனக்கு எப்போதுமே கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. வெளியே சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தபோது கொடியில் லில்லியின் வெள்ளைச் சேலை காய்ந்துகொண்டிருந்தது. திருவிருந்து ஞாயிறுக்கு மட்டும் உடுத்துகிற சேலை. இன்று புதன். எடுத்து மடித்தபோது கரையிலிருந்து ஆற்று மணல் உதிர்ந்தது.

பிப்ரவரி 24, வெள்ளி

தலைவலி. சுக்குத் தண்ணீர் குடித்தேன். தலைவலியோடு சுக்கு வாசமும் சேர்ந்துகொண்டது.

பிப்ரவரி 27, திங்கள்

முருங்கையில் கம்பளிப்பூச்சி. மாசிலாமணி வந்து தீப்பந்தம் காட்டிக் கொடுத்தார். அவர்தான் எங்கள் கோயில்பிள்ளை. கோயிலைப் பெருக்குவது, மணியடிப்பது, குழி வெட்டுவது மூன்றும் அவர் பொறுப்பு.

"லெந்துக்குப் பீடத்துல விரிக்கிற ஊதாத் துணி ஓரம் பிரியுது சார்" என்றார். "பாக்கியத்தாய் இருந்தப்ப தச்சது. அவ மாதிரி இனி யாரு தைப்பா?"

புதுத் துணி வாங்கலாம் என்றேன். லில்லி உள்ளேயிருந்து வந்து, "கொண்டாங்க, நான் தைக்கேன்" என்று வாங்கிக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை.

பிற்பகல் பிரசங்கம் எழுத உட்கார்ந்தேன். இருபத்திரண்டு வருஷமாக நான் இந்தச் சபையின் கமிட்டிச் செயலாளர். அதற்கு முன் தலைமையாசிரியர். ஒரு மனுவை எப்படிப் பார்ப்பேனோ அப்படியே கள்ளனையும் பார்த்தேன். ஞானஸ்நானம் இல்லை. திடப்படுத்தல் இல்லை. எந்தச் சபையிலிருந்து வருகிறான் என்பதற்குக் கடிதம் இல்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டான், அது சரி. ஆனால் வேறு வழியில்லாத இடத்தில் ஒப்புக்கொண்டான். இப்படி ஒருவன் எங்கள் கமிட்டிக்கு வந்திருந்தால் வாசற்படி தாண்டியிருக்க மாட்டான்.

பழைய ஏற்பாட்டு ஊசாவைப் பற்றிப் பேசச் சொன்னால் மணிக்கணக்காகப் பேசுவேன். உடன்படிக்கைப் பெட்டியைத் தொடாதே என்பது கட்டளை. மாடு இடறிப் பெட்டி சாய்ந்தது. நல்ல எண்ணத்தோடுதான் கை நீட்டினான். செத்தான். அதில் ஒரு தெளிவு இருக்கிறது.

மார்ச் 1, புதன்

சபையின் ஒழுக்கப் பதிவேடு, அதாவது விதி மீறியவர்கள் பெயரை ஏற்றுகிற ஏடு, என் பீரோவில்தான் இருக்கிறது. தூசி தட்ட எடுத்தேன். பதினோரு வருஷத்துக்கு முந்தைய பக்கத்தில், பாக்கியத்தாய் பெயர் இருக்கிற பக்கத்தில், ஒரு காகிதம் செருகியிருந்தது. ஆற்றங்கரை ஜெப வீட்டில் கொடுத்த சான்று. பிப்ரவரி 21 அன்று முழுக்கு ஞானஸ்நானம் பெற்றவர்: லில்லிபுஷ்பம், வயது 63, கணவர் பெயர் ஞானதிரவியம்.

ஞானதிரவியம் என்பது நான்தான்.

தவறுதலாக அங்கே வந்திருக்கலாம் என்று முதலில் நினைத்தேன். பீரோ சாவி அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கும். அது தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர்.

விதி பதினான்கை இங்கே எழுதி வைக்கிறேன். மனப்பாடம்தான், இருந்தாலும் எழுதுகிறேன். குழந்தையாயிருக்கும்போது ஞானஸ்நானம் பெற்றவர் வேறிடத்தில் மறுபடி பெற்றால், அது முதல் ஞானஸ்நானத்தை அவமதிப்பது. செயலாளர் எட்டு நாளுக்குள் பெயரைப் பதிய வேண்டும். பதிந்தபின் திருவிருந்து இல்லை. சபைமுன் முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்டால் திரும்பச் சேரலாம். சேராமல் இறந்தால் மணி இல்லை, ஐயர் அங்கி இல்லை, கல்லறை வேலியோரம். அறிந்தும் மறைப்பவருக்கும் இதே தண்டனை.

கடைசி வரி நானே சேர்த்தது. சேர்த்த அன்று கமிட்டியில் கை தட்டினார்கள். முழு விதியையும் என் கையெழுத்தில் எழுதிச் சட்டம் போட்டு வெஸ்டிரியில் மாட்டியிருக்கிறோம்.

காகிதத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு முருங்கைக்குத் தண்ணீர் விட்டேன்.

மார்ச் 5, ஞாயிறு

திருவிருந்து. பெண்கள் பக்கம் எல்லாரும் அப்பமும் ரசமும் வாங்க எழுந்து போனார்கள். லில்லி பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். முழங்கால் வலி என்று நினைக்கிறேன்.

திரும்பி வரும்போது கோயிலிலிருந்து வீடு வரை எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள்.

மார்ச் 9, வியாழன்

எட்டு நாள் முடிந்தது. இன்று மோட்டார் ரிப்பேர். வேறு விசேஷமில்லை.

மார்ச் 14, செவ்வாய்

இரண்டு பஸ் மாறி லில்லியின் சொந்த ஊருக்குப் போனேன். அவள் கேட்டதற்கு, பழைய மாணவன் வீட்டில் துக்கம் என்று சொல்லியிருந்தேன்.

விஷயம் இது. இரண்டாவது ஞானஸ்நானம்தான் குற்றம். முதலாவது நடக்கவே இல்லையென்றால் ஆற்றில் நடந்ததுதான் முதலாவது, அப்போது விதி பதினான்கு பொருந்தாது. அந்தக் காலத்து ரிஜிஸ்டர்களில் விட்டுப்போன பெயர்கள் எத்தனையோ உண்டு. கரையான் தின்றதும் உண்டு. கரையானுக்காக ஒருவன் ஜெபிக்கலாமா என்று தெரியவில்லை. பஸ்ஸில் ஜெபித்தேன்.

அந்தச் சபைக் கோயில்பிள்ளை ரிஜிஸ்டரை எடுத்துக் கொடுத்தார். முத்து முத்தான கையெழுத்து. ஒரு இடத்தில்கூட மை சிந்தவில்லை. லில்லிபுஷ்பம், பிறந்து இருபதாம் நாள், தகப்பன் பெயர், தாய் பெயர், ஞானத் தாய்தகப்பன் பெயர், ஐயர் கையெழுத்து. பக்கத்துப் பக்கத்தைக் கரையான் அரித்திருந்தது. அதில் அழிந்த ஏழு பெயரால் எனக்கு ஒரு பயனும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும், "துக்கம் நல்லா நடந்துச்சா?" என்று லில்லி கேட்டாள். நடந்தது என்றேன்.

மார்ச் 19, ஞாயிறு

ஆராதனைக்குப் பின் ஐயர், "ஒழுக்கப் பதிவேட்டுல புதுசா ஏதாவது எழுதுனீங்களா சார்?" என்று கேட்டார். இல்லை என்றேன். இது பொய்யில்லை. எழுதினீர்களா என்றுதான் கேட்டார்.

பிரசங்கம் ஒரு வரிகூட நகரவில்லை.

மார்ச் 23, வியாழன்

கல்லறைத் தோட்டத்துக்குள் ஆடு புகுகிறது என்று புகார். பார்க்கப் போனேன். கோயிலின் கீழ்ப்புறம், என் அப்பா அம்மா பக்கத்தில், எனக்கும் லில்லிக்கும் ஒரே கல்லறையாக இடம் போட்டு வைத்திருக்கிறேன். இரண்டு பெயரும் வெட்டியாகிவிட்டது. தேதி மட்டும் பாக்கி. பிரிந்து கிடக்க வேண்டாம் என்று அப்போது அவள்தான் சொன்னாள்.

ஆடு வேலியோரமாக நுழைகிறது. வேலியோரத்தில் ஒரு மேடு மட்டும் இருக்கிறது, பாக்கியத்தாயுடையது. சிலுவை கிடையாது, பெயரும் கிடையாது. மேட்டின் மேல் சிவப்பு இட்லிப்பூ ஒரு கைப்பிடி கிடந்தது. வாடவில்லை. எங்கள் தெருவில் இட்லிப்பூச் செடி இருப்பது என் வீட்டில் மட்டும்.

வேலியை அடைக்கச் சொன்னேன்.

மார்ச் 28, செவ்வாய்

இன்று கேட்டுவிட்டேன். லில்லி முற்றத்தில் உட்கார்ந்து அந்த ஊதாத் துணிக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். நான் முறத்தில் உளுந்து பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"ஏளா, பதிவேட்டுல ஒரு காயிதம் இருக்கு."

"பாத்துட்டீயளா?" ஊசியை நிறுத்தவில்லை. "எட்டு நாள்ல பேரு ஏறிரும்னு நெனச்சேன். ஒரு மாசமா என்ன செஞ்சீய?"

"நீ எதுக்கு அங்க போய் முங்குன?"

"போகணும்னு தோணிச்சு, போனேன்."

"ஒனக்குச் சீக்கு ஒண்ணும் இல்லையே?"

"குத்துக்கல்லு மாதிரி இருக்கேன்."

"பொறவு?"

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "பாக்கியத்தாய் அக்கா பேர எழுதும்போது ஒங்க கை நடுங்கல. ஊரே மெச்சுச்சு, சார்வாள் நியாயஸ்தர்னு. எம் பேரயும் எழுதுங்க. கை நடுங்குதான்னு பாக்கணும். அதுக்குத்தான் முங்குனேன்."

"ஞானஸ்நானத்த இப்படி வெளையாட்டாவா எடுப்பாவ?"

"வெளையாட்டு இல்ல. தண்ணி அம்புட்டுக் குளிரு. முங்கும்போது அக்காவ நெனச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு." நூலைப் பல்லால் கடித்தாள். "நான் செத்தா என்ன எங்க வெப்பீய? பேரு வெட்டுன எடத்துலயா, வேலிகிட்டயா? அத இப்பமே சொல்லிருங்க."

உளுந்தில் கல் நிறைய இருந்தது.

மார்ச் 29, புதன்

உளுந்தை மறுபடி பொறுக்கினேன். நேற்று கல்லை வைத்துக்கொண்டு உளுந்தை எறிந்திருக்கிறேன்.

ஏப்ரல் 2, குருத்தோலை ஞாயிறு

பவனியில் வெயில். திருவிருந்துக்கு லில்லி எழவில்லை. இன்று நானும் எழவில்லை. பக்கத்திலிருந்தவர் முழங்கையால் இடித்தார். வயிறு சரியில்லை என்றேன். இது பொய்தான்.

பீடத்தில் ஊதாத் துணி ஓரம் தைத்து நன்றாக இருந்தது. அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை முதலில் தைத்த பாக்கியத்தாயைத் திருவிருந்துக்கு ஆகாதவள் என்று எழுதிய நாளிலும் அந்தத் துணி அங்கேயே விரிந்துதான் கிடந்தது. அதை எடுக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. விதி துணியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 4, செவ்வாய்

பழைய ஃபைலை எடுத்தேன். பதினோரு வருஷமாகத் திறக்காதது. பாக்கியத்தாயின் கடிதம் அதில் இருக்கிறது. பென்சிலில் எழுதியது. அப்படியே இங்கே எழுதுகிறேன்.

"கனம் செயலாளர் சார் அவர்களுக்கு. வயிற்றில் கட்டி என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆற்றில் முங்கினால் சொஸ்தமாகும் என்று ஒரு ஆசையில் முங்கினேன். சொஸ்தமாகவில்லை. யாரையும் குறை சொல்லவில்லை. என் சபைக்குத் திரும்ப வேண்டும். சபைமுன் வந்து முழங்காலிட என்னால் முடியாது. எழுந்து உட்காரவே ஆள் வேண்டும். படுத்தபடியே மன்னிப்புக் கேட்கிறேன். ஈஸ்டருக்கு வெள்ளைத் துணி தைத்து முடித்துவிட்டேன். யாரையாவது அனுப்பி வாங்கிக்கொள்ளவும்."

ஓரத்தில் சிவப்பு மையில் என் கையெழுத்து: 'மனு கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னதாக வரவில்லை. நேரில் வரவும் இயலாது என்கிறார். அடுத்த கூட்டத்துக்கு.'

ஐந்து நாள் முன்னதாக வந்திருந்தது. அடுத்த கூட்டம் ஒரு மாதம் கழித்து. அவள் பன்னிரண்டாம் நாள் இறந்தாள். மணி அடிக்கவில்லை. எல்லாம் விதிப்படிதான் செய்தேன்.

கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தது லில்லி. இதையும் எழுதிவிட வேண்டியதுதான். என் மேஜைப் பக்கத்தில் நின்றுகொண்டு, "ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, எனக்காக" என்றாள். "எனக்காக என்று விதியில் இல்லை" என்று சொன்னேன். பதிலை இலக்கணமாகச் சொன்னதாக அப்போது ஒரு திருப்தி இருந்தது. அதன் பிறகு இந்தப் பதினோரு வருஷத்தில் அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. நான் அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அழுதேன். கொஞ்ச நேரம்தான். மாசிலாமணி வந்துவிட்டார், அவரிடம் கண்ணில் தூசி என்றேன்.

ஏப்ரல் 6, பெரிய வியாழன்

காலையில் பதிவேட்டைத் திறந்து பெயர் எழுத உட்கார்ந்தேன். 'லில்லிபுஷ்பம்' என்று எழுதுவதற்குள் மூன்று இடத்தில் எழுத்து கோணிவிட்டது. லில்லி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நடுங்குது" என்றாள்.

"காப்பி குடிக்காததுனால."

அடுத்த வரியில் 'ஞானதிரவியம், அறிந்தும் மறைத்தது, முப்பத்தாறு நாள்' என்று எழுதினேன். அது கோணாமல் வந்தது. அவள் ரொம்ப நேரம் அந்த வரியைப் பார்த்தாள். பிறகு அடுக்களைக்குப் போய் ஒரு தம்ளர் காப்பி போட்டுக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

"ஈஸ்டருக்கு இன்னும் மூணு நாள் இருக்கு" என்றேன்.

"குடிங்க."

குடித்தேன். விரதம் முறிந்தது. சர்க்கரை சரியாக இருந்தது.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

மும்மணி ஆராதனை. முதல் வார்த்தைக்காரர் பத்து நிமிடத்தை இருபது ஆக்கினார். பிறகு நான் ஏறினேன். கையில் தாள் இல்லை, பதிவேடும் கடிதமும் இருந்தன.

கடிதத்தை வாசித்தேன். ஓரத்தில் சிவப்பு மையில் நான் எழுதியதையும் வாசித்தேன். பிறகு சொன்னேன்:

"இந்தக் கள்ளன் 'என்னை நினைத்தருளும்' என்று ஒரே ஒரு வரிதான் கேட்டான். நேரில் போய் முழங்காலிட அவனாலும் முடியாது, கால் ஆணியில் இருந்தது. தொங்கியபடியே கேட்டான். இருபத்திரண்டு வருஷச் செயலாளர் என்கிற முறையில் சொல்லுகிறேன், அந்த மனுவில் எல்லாமே குறைதான். ஆண்டவர் அடுத்த கூட்டத்துக்கு என்று எழுதவில்லை. இன்றைக்கு என்றார். பாக்கியத்தாயிடம் நான் அடுத்த மாதம் என்றேன். அவள் தைத்த துணியை மட்டும் ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டேன்."

அதற்கு மேல் பிரசங்கம் வரவில்லை. பதிவேட்டைத் திறந்து புதிதாக ஏறிய இரண்டு பெயரையும் வாசித்தேன். லில்லிபுஷ்பம் என்றதும் பெண்கள் பக்கம் சலசலப்பு. அவள் எழுந்து நின்றாள். ஞானதிரவியம் என்றதும் நான் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தேன்.

மொத்தம் ஆறு நிமிடம். நான்கு நிமிடம் மிச்சம். முதலாமவர் கூடுதலாக எடுத்தது ஓரளவு சரியாயிற்று.

ஆராதனை முடிந்து ஐயர் வெஸ்டிரிக்கு வந்தார். சுவரில் தொங்கிய சட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தம்மாவோட மனுவ என்ன செய்யணும் சார்?"

"கமிட்டி கூடணும். கமிட்டிய செயலாளர்தான் கூட்டணும். செயலாளர் பேரே இப்ப ஒழுக்கப் பதிவேட்டுல இருக்கு."

"அப்ப?"

"விதியில வழி இல்ல ஐயா."

"சரி. அப்ப நான் ஏத்துக்கிட்டேன்" என்றார். "இன்னைக்குப் பெரிய வெள்ளி, மணி அடிக்கக் கூடாது. ஈஸ்டர் அன்னைக்கு அடிச்சிருவோம். வயசு என்ன?"

"ஐம்பத்தேழு" என்றேன். பதிவேட்டைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

ஏப்ரல் 8, சனி

கேஸ் சிலிண்டர் வந்தது. லில்லி வேலியோரத்துக்குப் போய்வந்தாள். நானும் போனேன். பூவை நான் பிடித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 9, ஈஸ்டர்

விடியற்கால ஆராதனை. ஒழுக்கப் பதிவேட்டில் பெயர் ஏறியவர்கள் கடைசிப் பெஞ்சில் உட்கார வேண்டும். நாங்கள் இரண்டு பேர்தான். ஆணும் பெண்ணும் ஒரே பெஞ்சில் உட்காருவது எங்கள் கோயிலில் வழக்கமில்லை. கடைசிப் பெஞ்சுக்கு யாரும் வழக்கம் ஏற்படுத்தியிருக்கவில்லை. அங்கிருந்து பார்த்தால் ஊரே முதுகாகத் தெரிகிறது. தூரத்தில் பீடத்தில் வெள்ளைத் துணி.

திருவிருந்துக்கு முன் ஐயர் அங்கிருந்தே, "கடைசில ரெண்டு பேரு இருக்கீங்க. முன்னால வாங்க" என்றார்.

எழுந்து நின்று, "மனு கொடுக்கல ஐயா. ஏழு நாள்…" என்று தொடங்கினேன்.

"இன்னைக்கு சார்" என்றார்.

முன்னே போனோம். முழங்காலிட்டோம். நான் மன்னிப்புக் கேட்டேன். ஐயர் லில்லியைப் பார்த்தார். "ஆத்துல முங்குனதுக்கு எனக்கு வருத்தம் இல்ல ஐயா. ஆனா இது எங் கோயிலு, எனக்கு இங்கதான் இருக்கணும்" என்றாள். ஐயருக்குக் காது மந்தம் கிடையாது. ஆனாலும் முதல் பாதி அவருக்குக் கேட்கவில்லை என்றே நினைக்கிறேன். எழுந்திருக்கும்போது என் முழங்கால் மடங்கிவிட்டது. லில்லி கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

ஆராதனை முடிந்து மாசிலாமணி மணிக்கயிற்றைப் பிடித்தார். நான் வாங்கிக்கொண்டேன். இறந்தவர் வயசுக்கு எத்தனையோ அத்தனை அடி, ஒவ்வொன்றும் நிறுத்தி நிறுத்தி அடிக்க வேண்டும். ஊர் வெளியில் வந்து நின்றது. வெளியூரிலிருந்து வந்தவர்கள் யார் இறந்தது என்று விசாரித்தார்கள். பாக்கியத்தாய் என்று பதில் சொன்னார்கள்.

முப்பதுக்கு மேல் கை நடுங்கி எண்ணிக்கை தப்பிவிட்டது. நின்றுவிட்டேன். பக்கத்திலிருந்து லில்லி, "முப்பத்தி நாலு. அடிங்க" என்றாள். அதன் பின் அவள் சொல்லச் சொல்ல அடித்தேன். ஐம்பத்தேழு என்று சொல்லி அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அதைப் பார்த்துக்கொண்டே இன்னொரு அடி அடித்துவிட்டேன்.

"ஒண்ணு கூடிட்டு" என்றேன்.

"இருக்கட்டும்" என்றாள்.

ஐம்பத்தெட்டு. பதிவேட்டில் அப்படியே எழுதியிருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் காப்பி கேட்டேன். நீங்களே போடுங்க, எனக்கும் சேர்த்து, என்றாள்.